பட்டம் முடித்தவர் முன்னுள்ள நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வரும் மே, ஜூன் மாதங்களில் எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே குழப்பத்தில் இருக்கிறார்கள். கல்லூரியில் நடந்த கேம்பஸ் தேர்வில் ஒரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்திருக்கிறது. அப்பா குரூப் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டர் தம் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார். பாடம் நடத்திய பேராசிரியர், மேலே படித்தால்தான் மரியாதை என்கிறார். நான்கு பேரும் பிள்ளையின் நன்மைக்காகவே சொல்கிறார்கள் என்பதால் யார் பேச்சையும் தட்ட முடியவில்லை. இந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதும், வெவ்வேறு துறைகளில் பெயர் பெற்றவர்கள் தங்கள் தொழிலுக்கு வந்து சேர்ந்த விதத்தை அந்த அளவுகோல்களோடு பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

## எதைக் கொண்டு அளப்பது

சம்பளம் எவ்வளவு என்பதையே பலரும் முதலில் கேட்கிறார்கள். அது முக்கியமான கேள்விதான். ஆனால் தொடக்கச் சம்பளத்தை வைத்து ஒரு தொழிலின் 30 ஆண்டுகளை அளக்க முடியாது. நான் நான்கு கேள்விகளைப் பயன்படுத்துகிறேன்.

முதலாவது, அந்தத் தொழிலின் அன்றாட வேலை நம் கண்ணில் படுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? இரண்டாவது, வருமானம் வரத் தொடங்கும்வரை எவ்வளவு பணமும் காலமும் செலவாகும், அதைச் சுமக்கப் போவது யார்? மூன்றாவது, எண்ணியது கைகூடாமல் போனால் நம்மிடம் மிஞ்சுவது என்ன? நான்காவது, வேண்டாமென்று திரும்பி வருவதற்கான கதவு எத்தனை வயதுவரை திறந்திருக்கும்?

இவற்றில் முதல் கேள்விக்கே நான் அதிக எடை தருகிறேன். ஒரு வேலை நமக்கு ஒத்துவருமா என்பது, அதைப் பற்றி யோசிப்பதால் தெரிவதைவிட அதன் பக்கத்தில் போய் நிற்பதால்தான் அதிகம் தெரிகிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றுதான் விரும்பினார். கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த ஆசையைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தவர், முறுக்கிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார். தம் கைக்கேற்பக் கருவிகளை மாற்றியமைத்துக்கொண்டார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. எந்தத் துறை தமக்குரியது என்பதை 22 வயதில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்திருக்க முடியாது. கண் மருத்துவத்துக்குள் வந்து வேலை செய்ததால்தான் அது அவருடையதாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நமக்குக் கதையாகக் கிடைப்பது வென்றவர்களின் வாழ்க்கை மட்டுமே. அதே முடிவை எடுத்து, அதே உழைப்பைக் கொடுத்து, எதுவும் அமையாமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே பெரியவர்களின் வாழ்க்கையிலிருந்து துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். அந்தத் துணிச்சலின்போது அவர்கள் காலுக்குக் கீழே என்ன தரை இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## முதல் வழி: போட்டித் தேர்வு

நம் வீடுகளில் அதிக மதிப்புள்ளதும், மறைவான செலவு மிக அதிகமுள்ளதும் இந்த வழிதான். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஜூனில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன என்றாலும், ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல் என்ற நிலைதான் இருந்தது. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான இந்தத் தேர்வைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் எழுதுகிறார்கள். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 6 முறை, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 9 முறை என்று வாய்ப்புகளுக்கு வரம்பு உண்டு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று படிகளைத் தாண்ட ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது. முதல்நிலையில் தவறினால் அடுத்த ஆண்டு மீண்டும் முதல்நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பயிற்சி மையக் கட்டணமும் சென்னை அண்ணா நகரில் அறை வாடகையும் வெளியே தெரியும் செலவுகள். தெரியாத செலவுகள் வேறு இருக்கின்றன. நானே இரண்டு ஆண்டுகள் இந்தத் தேர்வுகளுக்குப் படித்தவன். காலை எட்டு மணிக்கு நூலகம் திறப்பதற்கு முன்பே வாசல் படிக்கட்டில் பைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பைதான் ஆளுக்குப் பதிலாக இடம் பிடிக்கும். உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருக்கும் மேசைகள் பல ஆண்டுகளாகப் படிப்பவர்களுக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. என் எதிரில் உட்காரும் அண்ணன் ஒருவருக்கு அப்போது 31 வயது. ஆறு ஆண்டுகளாக அந்த மேசையில்தான் இருந்தார். அரசியலமைப்பின் கூறுகளை எண்ணோடு சொல்லுவார். நடப்பு நிகழ்வுகளில் எங்களுக்கு வந்த சந்தேகங்களையெல்லாம் அவர்தான் தீர்த்து வைத்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவருடைய கைப்பேசி ஒலித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிடுவார். வீட்டிலிருந்து வரும் அழைப்பு அது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைவிடக் கடுமையாக உழைத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு தாலுகா அலுவலகத்தின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

முதல் அளவுகோலில் இந்த வழி மிகவும் பின்தங்குவது இதனால்தான். தேர்வுக்குப் படிப்பதற்கும் தேர்வுக்குப் பின் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு குறைவு. பட்டா மாறுதல் மனுவோடு வரும் முதியவரிடம் பொறுமையாகப் பேசும் குணம் நமக்கு உண்டா என்பதைக் கொள்குறி வினாத்தாள் நமக்குச் சொல்லாது. கைகூடாமல் போனால் மிஞ்சுவதும் குறைவே. பொது அறிவு மிஞ்சும், ஆனால் வேலைக்கு எடுக்கும் தனியார் நிறுவனம் அந்த ஆண்டுகளை வெற்றிடமாகவே பார்க்கும்.

இருந்தும் இந்த வழி பொருந்தும் சூழல்கள் உண்டு. சாதியோ குடும்பப் பின்புலமோ தெரிந்தவர்களோ இல்லாத ஒருவருக்கு, பெயர் பார்க்காமல் திருத்தப்படும் விடைத்தாள் தரும் நியாயத்தை வேறு எந்த வழியும் அதே அளவில் தருவதில்லை. சொந்த ஊருக்கு அருகிலேயே இருந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும், திருமணத்துக்குப் பின்னும் வேலையை விடாமல் தொடர விரும்பும் பெண்களுக்கும் அரசுப் பணியின் பாதுகாப்பு பெரிய பலம். ஆட்சி நிர்வாகத்தின் மீதே உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இவர்கள் அனைவருக்கும் நான் சொல்வது, எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் முறை எழுதும் முன்பே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். தோல்வி அடைந்த மறுநாள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இன்னும் ஒரு முறை" என்பதாகவே இருக்கும்.

## இரண்டாம் வழி: கேம்பஸில் கிடைத்த வேலை

இதில் வருமானம் உடனே தொடங்குகிறது. பி.எஃப். கணக்கு பிறக்கிறது. கல்விக் கடன் தவணை கட்ட முடிகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவை சாதாரண விஷயங்கள் அல்ல. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை முதல் மாதச் சம்பளத்திலிருந்து கட்டியவர்களிடம் "பிடித்ததைச் செய்" என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று ஒப்பந்தம். ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டில் கையெழுத்திடும்போது பலர் அதைப் படிப்பதே இல்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், சேருவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. வேலைக் கடிதம் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. மற்றொன்று, நாம் எந்த வேலையில் போடப்படுவோம் என்பது நம் கையில் இல்லை. மெக்கானிக்கல் படித்தவர் மென்பொருள் சோதனையில் உட்காருவார். ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் மாதக்கணக்கில் காத்திருப்பார். மூன்று ஆண்டு கழித்து அவருடைய அனுபவம் என்பது அவர் தேர்ந்தெடுக்காத ஒன்றில் சேர்ந்த அனுபவமாக இருக்கும். சம்பளம் கூடியிருக்கும், அதனால் மாறுவது கடினமாகியிருக்கும்.

ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொன்றைக் கண்டடைந்தவர்களுக்குத் தமிழகத்தில் பெரிய முன்னுதாரணம் சர் சி.வி. ராமன். அவர் 1907இல் இந்திய நிதித்துறைத் தேர்வில் வென்று கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியில் சேர்ந்தார். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அதன்பின் பகலில் கணக்கு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் கழிந்தன. 1917இல், சம்பளம் பெரிதும் குறையும் என்று தெரிந்தே அரசுப் பணியை விட்டுவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கான பாலித் பேராசிரியரானார். நோபல் பரிசு வந்தது 1930இல். அவர் வேலையை விட்ட ஆண்டைத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன. சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொண்டது. மாலை நேரம் இயற்பியலைப் பார்த்துக்கொண்டது. விலகிய நாளில் ஆய்வாளர் என்ற பெயர் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

ஆகவே கேம்பஸ் வேலையை எடைபோடும்போது, அந்த வேலை நமக்கு மாலை நேரத்தை மிச்சம் வைக்குமா என்று கேட்க வேண்டும். இரவு ஷிஃப்டும், ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணமும் கொண்ட வேலை, சம்பளம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இந்தக் கணக்கில் நட்டம்தான்.

## மூன்றாம் வழி: மூத்தவரிடம் பயிற்சி

ஆடிட்டர் அலுவலகம், வழக்கறிஞரின் சேம்பர், கட்டடக் கலைஞரின் அலுவலகம், புகைப்படக் கலைஞருக்கு உதவியாளர் என்று இது பலவகைப்படும். நம் அளவுகோல்களில் முதலாவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே தொழிலின் அழகும் அலுப்பும் தெரிந்துவிடும்.

ஜூனியர் வழக்கறிஞரின் காலையைப் பாருங்கள். சீனியர் வருவதற்கு முன் குமாஸ்தாவோடு உட்கார்ந்து அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். டைரியில் எந்தக் கோர்ட்டில் எந்த எண் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கோர்ட்டுகளுக்கு இடையே ஓடி, ஒன்றில் வாய்தா வாங்கி, இன்னொன்றில் சீனியர் வரும்வரை வழக்கைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு, மாலையில் சேம்பருக்குத் திரும்பிக் கட்சிக்காரர் சொல்லும் கதையில் எது சட்டத்துக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கக் கற்க வேண்டும். இந்தப் பிரிக்கும் கலையைச் சட்டக் கல்லூரியில் யாரும் முழுமையாகக் கற்றுக்கொள்வதில்லை. இதன் மதிப்பை உச்ச நீதிமன்றமே 2025 மே மாதத் தீர்ப்பில் அங்கீகரித்தது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்ற விதி அதில் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. பல இடங்களில் எதுவும் இல்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்ல நேர்ந்தது என்பதே அந்த நிலையைக் காட்டும். பட்டயக் கணக்காளர் படிப்பில், 2023இல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி, மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இன்டர்மீடியட் தேர்வின் இரண்டு குரூப்களையும் தாண்டிய பிறகுதான் அதில் சேர முடியும். ஃபைனல் அதற்கும் மேலே இருக்கிறது.

இன்னொரு செலவும் உண்டு. நம் பயிற்சியின் தரம் முழுக்க ஒரு மனிதரைச் சார்ந்தது. நல்ல சீனியர் வரைவைத் திருத்தும்போது ஏன் திருத்துகிறார் என்று சொல்லுவார். மற்றவர் நகல் எடுக்க மட்டும் அனுப்புவார். சேரும் முன் அவரிடம் ஏற்கெனவே பயின்று வெளியே போனவர்கள் இருவரைத் தேடிப் பேசுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதே சீனியரைப் பற்றிய நம்பகமான சான்று. இரண்டு, மூன்று ஆண்டுகள் வீட்டுச் செலவை வேறு யாராவது தாங்க முடியும் என்றால், மனிதர்களோடு பேசிப் பழகி வேலை கற்பது பிடிக்கும் என்றால், நான்கில் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கைகூடாமல் போனாலும் கைத்தொழில் ஒன்று மிஞ்சும். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கை வவுச்சரோடு ஒத்துப்பார்க்கக் கற்றவர், ஃபைனல் தேறாவிட்டாலும் எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலும் உட்காரலாம்.

## நான்காம் வழி: மேற்படிப்பு

ஒரு பாடத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு இது சிறந்த வழி. முடிவெடுப்பதைத் தள்ளிப்போட நினைப்பவருக்கு மிக மோசமான வழி. எந்த வகை என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன்பின் 42,000 ரூபாய் கிடைக்கிறது. உதவித்தொகையோடு படிப்பதும், கடன் வாங்கிச் சுயநிதிக் கல்லூரியில் படிப்பதும் பெயரளவில் ஒரே வழியானாலும் கணக்கில் வேறு வேறு. ஆய்வில் சேர்ந்தால் மூன்றாம் வழியின் ஆபத்து இங்கும் வரும், ஏனென்றால் நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே ஐந்து ஆண்டுகள் அமையும்.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் இந்த வழியைத் தேர்ந்தவர். கும்பகோணத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் மகனாகப் பிறந்தவர், மருத்துவராவார் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. 1943 வங்கப் பஞ்சம் அவரை வேளாண்மை பக்கம் திருப்பியது. விலங்கியல் பட்டத்துக்குப் பின் கோவை வேளாண் கல்லூரியில் மீண்டும் இளநிலையிலிருந்து படித்தார். குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வும் ஆனார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் மரபியல் ஆய்வுக்கு யுனெஸ்கோ உதவித்தொகை கிடைத்தது. ஐ.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு ஆய்வுக்குப் போனார். அவருக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உதவித்தொகையும் கையில் இருந்தது. இந்த இரண்டும் உள்ளவர் தயங்காமல் படிக்கப் போகலாம்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | போட்டித் தேர்வு | கேம்பஸ் வேலை | மூத்தவரிடம் பயிற்சி | மேற்படிப்பு |
|---|---|---|---|---|
| அன்றாட வேலை கண்ணில் படும் காலம் | பணியில் சேர்ந்த பிறகே | சில மாதங்கள் | முதல் வாரம் | ஆய்வானால் ஓராண்டு. வகுப்பறைப் படிப்பானால் தாமதம் |
| வருமானத்துக்கான காத்திருப்பு | 1 முதல் 6 ஆண்டுகள் வரையும் ஆகலாம் | இல்லை | 2, 3 ஆண்டுகள் மிகக் குறைந்த வருமானம் | உதவித்தொகை உண்டா என்பதைப் பொறுத்தது |
| மறைவான செலவு | தொடர்பில்லாத ஆண்டுகள், மனச்சோர்வு | பாண்ட், தேர்ந்தெடுக்காத பிரிவு | சீனியரின் தரம் | நெறியாளரின் தரம், கல்விக் கடன் |
| கைகூடாவிட்டால் மிஞ்சுவது | குறைவு | பணி அனுபவம், சேமிப்பு | தொழில் திறன் | பட்டம். துறையைப் பொறுத்து மதிப்பு |
| திரும்பும் கதவு | வயது வரம்பு நெருக்கும் | நோட்டீஸ் காலம் முடிந்தால் எப்போதும் | பெரும்பாலும் திறந்திருக்கும் | ஜே.ஆர்.எஃப். போன்றவற்றுக்கு வயது வரம்பு உண்டு |

## இரண்டு வழிகளைச் சேர்ப்பது

கடிதம் எழுதுகிறவர்கள் நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1958இல் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்கு வடக்கே போனார். டேராடூனில் விமானப்படைத் தேர்வு. தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு. விமானப்படையில் இருந்த இடங்கள் எட்டு. அவர் ஒன்பதாவதாக வந்தார். விமானியாகும் கனவு அங்கேயே முடிந்தது. ஆனால் தில்லியில் எழுதி வைத்திருந்த மற்றொரு விண்ணப்பம் இருந்தது. 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அங்கே முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். இரண்டாவது விண்ணப்பத்தையும் போட்டு வைத்திருந்த அந்த முன்யோசனையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆஃபர் லெட்டரும் தேர்வு ஆசையும் ஒருசேர உள்ளவர்களுக்கு என் விடை இது. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஒரு தவணையாவது இருந்தால் வேலையில் சேருங்கள். அதிகாலை இரண்டு மணி நேரமும் வார இறுதியும் படிப்புக்கு வையுங்கள். ஓராண்டு முடிவில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். கட்-ஆஃபுக்கு அருகில் வந்திருந்தால், சேமித்த பணத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கிட்டு, அத்தனை மாதத்துக்கு மட்டும் வேலையை விடுங்கள். வீட்டில் நெருக்கடி இல்லாதவர்கள், படிக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் நேரம் ஒதுக்கி, தெரிந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். சான்றிதழுக்கு வருகிறவர்கள், எல்லைத் தகராறோடு வருகிறவர்கள், வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டது என்று கண்ணீரோடு வருகிறவர்கள் ஆகியோரை அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று பாருங்கள். ஆறாம் நாளும் அங்கே போக மனம் வந்தால் புத்தகத்தைத் திறக்கலாம்.